மாறி எங்கே இருக்கிறது?

ரப்பர்த் தோட்டத்தை விட்டுச் சிலிபினுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்குக் கடிதம் வருகிறது. பழைய முகவரி மட்டுமே இருந்தால் அஞ்சல்காரர் என்ன செய்வார்? கணினி நிரலின் மாறிகளும் இப்படித்தான் இடம் மாறுகின்றன. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி, வேகம் கருதி ஒரு மாறியின் மதிப்பைச் சிறிது நேரம் நினைவகத்திலும் சிறிது நேரம் செயலியின் பதிவகத்திலும் வைக்கிறது. ஆகவே, எந்தக் கட்டளை முதல் எந்தக் கட்டளை வரை அது எங்கே இருக்கும் என்ற இடப்பட்டியலையும் சேர்த்தே எழுதுகிறது. 2017இல் வெளிவந்த டுவார்ஃப் 5 தரம் இப்பட்டியலின் அமைப்பை வரையறுக்கிறது. பிழைதிருத்தி இதைப் பார்த்தே மதிப்பைக் காட்டும். மதிப்பு எங்குமே இல்லையெனில் ‘நீக்கப்பட்டது’ என்று சொல்லிவிடும், அதுவே மேல். பட்டியல் தவறானால், பிழையே இல்லாத வரியில் நிரலர் நாள்முழுதும் பிழை தேடுவார்.