கலத்தலைவனின் கவலை

கடலிற் கலம் செலுத்துவோர்க்குப் பகை பல உண்டு. புயல் ஒரு பகை. பாறை ஒரு பகை. எதிரியின் பீரங்கி மற்றொரு பகை. இவை யாவும் வெளியிலிருந்து வருவன. கலத்தின் உள்ளேயே பிறந்து, கண்ணுக்குப் புலப்படாமல் வளரும் பகை ஒன்றும் உண்டு. அதுவே நோய். புயல் வந்தால் பாயைச் சுருக்கலாம். பாறை தென்பட்டால் சுக்கானைத் திருப்பலாம். நடுக்கடலில் நோய் தோன்றினாலோ ஒதுங்குவதற்கு இடமில்லை. அவ்வேளையில் கலத்திலுள்ளோர் அனைவரும் தலைவன் முகத்தையே நோக்குவர். அவனோ தன் துயரை வெளிக்காட்டாது ஆணையிடுவான். நோய் தணிந்தபின் பிறர் கவலையின்றி உறங்குவர். நல்ல தலைவனுக்கு அப்போதும் உறக்கம் வாராது. 'இந்நோய் ஏன் வந்தது? மீண்டும் வருமோ?' என்னும் வினாக்கள் அவன் உள்ளத்தை உறுத்தும். அக்கவலையின் பயன் யாது என்பதைக் கடலூர்க் கடலில் நிகழ்ந்த வரலாறு ஒன்று விளக்கும்.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டையை 1690-ஆம் ஆண்டில் பெற்றனர். அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுக்கும் ஹைதர் அலிக்கும் பெரும்போர் மூண்டது. பிரெஞ்சுக்காரர் ஹைதருக்குத் துணை நின்றனர். 1781-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சிதம்பரம் கோயில் மதில்களுக்குள் இருந்த ஹைதரின் படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கித் தோற்றார். ஜூலை முதல் நாளன்று அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் அவரே வெற்றி பெற்றார். மறு ஆண்டு கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிற்று. அதனை மீட்பதற்காக 1783-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்டூவர்ட் என்னும் தளபதி நகரை முற்றுகையிட்டார். உள்ளே புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி இருந்தார். நிலத்தில் நின்ற ஆங்கிலப் படைக்குக் கடலில் அரணாக நின்றது எட்வர்டு ஹியூஸின் கப்பற்படை.

அப்படையில் போர்க்கப்பல்கள் 18 இருந்தன. அதனை எதிர்த்துத் திருகோணமலையிலிருந்து வந்த பிரெஞ்சுத் தலைவர் சுஃப்ரெனிடம் 15 கப்பல்களே இருந்தன. எண்ணிக்கையில் ஹியூஸின் கை ஓங்கியிருந்தது. ஆயினும் அவர் கப்பல்களில் ஸ்கர்வி என்னும் கொடிய நோய் பரவியிருந்தது. உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த ரொட்டியுமே பல வாரங்கள் உண்டு வாழ்ந்த மாலுமிகளை அந்நோய் பற்றும். ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். பற்கள் ஆட்டங் காணும். ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும். கயிற்றைப் பற்றி இழுக்கவும் கைகளில் வலி இராது. குடிநீரும் குறைந்து வந்தது.

ஜூன் 20-ஆம் நாள் பிற்பகலில் இரு கப்பற்படைகளும் பொருதன. இருபுறத்தும் நூறு பேர் அளவில் மாண்டனர். ஒரு கப்பலேனும் மூழ்கவில்லை; பிடிபடவும் இல்லை. போர் அவ்வாறு முடிந்தபின் ஹியூஸின் முன் இரு கடமைகள் நின்றன. கடலூரை விட்டு அகன்றால் கரையிலுள்ள படை துணையின்றித் தவிக்கும். அகலாது நின்றால் கப்பலிலுள்ள நோயாளர் நலியுறுவர். இரண்டில் எதைத் தெரிந்தாலும் பழி வரும். சேதமுற்ற கப்பல்களையும் நோயுற்ற மாலுமிகளையும் கருதி அவர் சென்னைக்குத் திரும்பினார். கடலூர்க் கடல் சுஃப்ரெனின் வசமாயிற்று. நோயே அங்கு வெற்றி தோல்வியை வரையறுத்தது எனலாம்.

திங்கள் முடிவதற்குள் வியப்பான செய்தியொன்று வந்தது. அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாளே ஐரோப்பாவில் இரு நாட்டாரும் அமைதிக்கு உடன்பட்டிருந்தனர். அச்செய்தி கடல் கடந்து வர ஐந்து திங்களாயிற்று. பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால் நோயைப் பற்றிய வினா ஓயவில்லை.

அவ்வினாவுக்கு விடை முன்னரே கிடைத்திருந்தது என்பதே வருந்தத்தக்கது. 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயாளர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவருள் ஒருவர் ஆறு நாட்களில் பணி செய்யும் நிலை எய்தினார். இதனை லிண்டு 1753-இல் நூலாகவும் வெளியிட்டார். எனினும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கடலூர்க் கடலில் மாலுமிகள் அதே நோயால் வாடினர். அறிந்த உண்மை ஏட்டில் இருந்தது. கப்பலின் உணவறைக்கு வரவில்லை.

அதனை அங்கே கொண்டுவந்தவருள் முதன்மையானவர் கில்பர்ட் பிளேன். அதே போர்க்காலத்தில் மேலை இந்தியத் தீவுகளில் ஆங்கிலக் கப்பற்படையின் மருத்துவராக இருந்தவர் அவர். போர் முடிந்தது, அவர் கவலை முடியவில்லை. மாலுமிகளின் உணவைத் திருத்தவேண்டுமென அவர் இடைவிடாது வற்புறுத்தினார். 1794-ஆம் ஆண்டில் சஃபோக் என்னும் போர்க்கப்பல் எலுமிச்சைச் சாற்றுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. மாலுமிகளுக்கு நாள்தோறும் அச்சாறு அளந்து கொடுக்கப்பட்டது. கரையைத் தொடாமல் 23 வாரங்கள் கடலில் சென்ற அக்கப்பல், ஸ்கர்விக்கு ஓர் உயிரையும் பலி கொடாமல் சென்னையை அடைந்தது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் நோயாளரைச் சுமந்துகொண்டு ஹியூஸின் கப்பல்கள் வந்து சேர்ந்த அதே துறைமுகம் அது! மறு ஆண்டிலேயே எலுமிச்சைச் சாறு ஆங்கிலக் கப்பற்படையின் உணவில் இடம்பெறலாயிற்று.

அக்கனிகளில் உள்ள வைட்டமின் 'சி' என்னும் சத்தே நோயைத் தடுப்பது எனப் பிற்கால அறிவியல் கண்டது. மனித உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெறவேண்டும். அதியமான் ஔவைக்கு ஈந்ததாகச் சங்கப் பாடல் போற்றும் நெல்லிக்கனியில் அச்சத்து ஆரஞ்சைவிடப் பன்மடங்கு மிகுதி.

கடலைக் கடந்த மாந்தன் பின்னர் விண்ணையும் கடந்தான். அங்கும் கலத்தலைவனின் கவலை அவனைத் தொடர்ந்தது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் அப்பல்லோ 8 என்னும் விண்கலம் மூவருடன் திங்களை நோக்கிப் புறப்பட்டது. ஒரு நாள் கழியுமுன் அதன் தலைவர் பிராங்கு போர்மனே வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் நலிவுற்றார். உலகமெல்லாம் கேட்கும் வானொலியில் இதனைக் கூற அவருக்கு மனமில்லை. உடன் சென்ற இருவரும், தரையிலுள்ளோர் அறிதல் வேண்டுமென்றனர். ஆதலின் செய்தியை ஒலிநாடாவில் பதிந்து அனுப்பி, மருத்துவருடன் தனியே உரையாடினர். போர்மன் நலம் பெற்றார்; கலம் திங்களைச் சுற்றி, டிசம்பர் 27-ஆம் நாள் பூமிக்கு மீண்டது. அவர் நோயை மறைத்தே வைத்திருந்தால், அதன் காரணத்தை ஆராயும் வாய்ப்பும் மறைந்திருக்கும்.

கவலை இருவகைப்படும். ஒன்று மனத்துள்ளேயே சுழன்று மனிதனை வாட்டுவது. மற்றொன்று காரணத்தை ஆராய்ந்து, உரியவரிடம் உரைத்து, மருந்தைத் தேடச் செய்வது. முன்னது நோயோடு சேர்ந்த மற்றொரு நோய். பின்னது வருமுன் காக்கும் காவல். இடர் நீங்கியவுடன் அதனை மறந்தோர் மீண்டும் அதே இடரில் வீழ்ந்தனர். நீங்கிய பின்னும் நினைந்தவர் எலுமிச்சைச் சாற்றைக் கப்பலில் ஏற்றினர். கலத்திற்குத் தலைவராயினும், வீட்டிற்குத் தலைவராயினும், வகுப்பிற்குத் தலைவராயினும் இவ்வுண்மை ஒன்றே. இடரிற் கலங்காமை தலைவனின் வீரம். இடர் தீர்ந்தபின்னும் அயராமை அவனது அறம்.