மெய்நிகர் கணினியில் பகிர்வுக் கோப்புறை தானே இணைதல்

ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்பெறும் மற்றொரு கணினியே மெய்நிகர் கணினி எனப்படும். விர்ச்சுவல்பாக்ஸில் இவ்வாறு லினக்ஸை இயக்குவோர், வெளிக்கணினியின் கோப்புறை ஒன்றை உள்ளிருந்தும் பயன்படுத்தலாம். உள்ளே ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ நிறுவப்பெற்று, பகிர்வு அமைப்பில் ‘ஆட்டோ-மவுண்ட்’ குறிக்கப்பெற்றிருப்பின், வேறிடம் சுட்டாதவிடத்து, ஒவ்வொரு தொடக்கத்திலும் அக்கோப்புறை ‘மீடியா’ அடைவின்கீழ்த் தானே வந்து சேரும்.

ஆயினும், திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படுவதுண்டு. இதனைப் பழுதென்று கருதி யாவற்றையும் மீண்டும் நிறுவ முற்படுதல் வீண் உழைப்பே. அக்கோப்புறை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ என்னும் குழுவினர்க்கே உரியது. பயனரை அக்குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும்.

இணைவது நகலன்று, மூலமே. உள்ளே மாணவர் அழிக்கும் கோப்பு வெளிக்கணினியிலும் அழிந்துபோம். களப்பதிவுகள் அடங்கிய கோப்புறையைப் பகிருங்கால், ‘படிக்க மட்டும்’ என்னும் குறியையும் உடன் இடுதல் வேண்டும்.