வாங்கிய பறவையை வீடு கொண்டு சேர்த்தல்



சந்தைக்கு ஆடு பிடிக்கப் போன இடத்தில் நல்ல சேவல் ஒன்று கண்ணில் படுகிறது. அல்லது பிள்ளைகள் நெடுநாளாகக் கேட்டார்களே என்று ஒரு சோடிப் புறாவை விலை பேசி முடிக்கிறோம். காலைக் கட்டி, சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, உச்சி வெயிலில் ஊர் வந்து சேருகிறோம். வந்ததும் கட்டை அவிழ்த்து, வீட்டுக் கோழிகளோடு விட்டுவிடுகிறோம். வாங்கிய பறவை உயிரோடு வந்து சேர்ந்துவிட்டது, பயணம் முடிந்தது என்று எண்ணுகிறோம்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக் கோழிகளில் ஒன்று இரை எடுக்காமல் ஒடுங்கி நிற்கும். மறுநாள் மூன்று நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து திருகும். பத்து நாளில் பஞ்சாரம் காலியாகிவிடும். முட்டை விற்றுப் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கொண்டிருந்த இல்லத்தரசிக்கு அது சிறிய இழப்பன்று. புதிதாக வாங்கிய பறவையின் பயணம் வீட்டு வாசலில் முடிவதில்லை. அது 21 நாள் கழித்தே முடிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வாங்கும் இடத்திலிருந்து வீட்டுக் கூண்டு வரை செய்யவேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

புறப்படும் முன்

பறவை வாங்கப் போவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். வீட்டில் இருக்கும் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகிப் போட்டுவிடுங்கள். ஊசி போட்ட உடனே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. அது உடலில் ஊறுவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும்.

இந்நோயை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வர். இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் ராணிக்கெட் என்ற ஊரில் 1920-களின் இறுதியில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் இது. தடுப்பூசி போடாத கோழிகளிடையே புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வரையிலும், சில வேளை அத்தனையும் மடிந்துபோகும். நோய் கண்டபின் இதற்கு மருந்து இல்லை. எனவே முன்கூட்டித் தடுப்பதே வழி.

எந்தப் பறவையை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கோழி, வாத்து, வான்கோழி, கினிக்கோழி, வளர்ப்புப் புறா ஆகியவற்றை வாங்கத் தடையில்லை. காதல் பறவை என்று நம் ஊர்களில் விற்கப்படும் பட்ஜெரிகர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து விற்கப்படுவது. ஆனால் நம் நாட்டுப் பச்சைக்கிளி, மைனா, சில்லை, கவுதாரி போன்ற காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும், வாங்குவதும், விற்பதும், வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் கிளியை வாங்கி வரவேண்டாம்.

வாங்கும் இடத்தில்

பறவையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கண் தெளிவாக இருக்கிறதா? மூக்குத் துவாரத்தில் சளி உள்ளதா? காதருகே வைத்துக் கேட்டால் மூச்சில் கரகரப்பு உண்டா? ஆசனவாயைச் சுற்றி இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா? நெஞ்செலும்பு கத்தி போல் துருத்தி நிற்கிறதா? கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் உண்டா? இறக்கையை விரித்து அடிப்பக்கம் பேன், உண்ணி உள்ளதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பறவையும் நோயற்றது என்று உறுதி சொல்ல முடியாது. சந்தையில் பல ஊர்ப் பறவைகள் ஒரே இடத்தில் கூடுகின்றன. வெள்ளைக் கழிச்சல் கிருமி உடலில் புகுந்து, நோய்க்குறி தெரியச் சாதாரணமாக 5 அல்லது 6 நாட்கள் ஆகும்; 15 நாட்கள் வரையிலும் ஆகலாம். இன்று துள்ளிக் குதிக்கும் சேவல் அடுத்த வாரம் படுத்துவிடக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

தலைகீழாகத் தொங்கவிடலாகாது

நம் கடற்கரையில் முத்துக் குளித்தவர்கள் மூச்சடக்கிக் கடலடி வரை சென்று மீண்டார்கள். பறவையின் உடலமைப்போ அப்படிப்பட்டதன்று. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை உண்டு; பறவைக்கு அது போன்ற தசை கிடையாது. நெஞ்செலும்பும் விலாவும் முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்குக் காற்று உள்ளே போகும். ஆகையால் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், மூக்கை மூடாமலேயே பறவை மூச்சுத் திணறிச் சாகும். தலைகீழாகத் தொங்கவிட்டாலோ குடலும் ஈரலும் காற்றுப்பைகளின்மேல் அழுந்தும். இரைப்பையில் உள்ள தண்ணீர் வாய்வழியே வந்து மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும்.

இரு கைகளாலும் இறக்கையோடு சேர்த்து, நெஞ்சை அழுத்தாமல், அடிப்பக்கம் தாங்கி எடுப்பதே முறை. புறாவாயின் அதன் கால்களை விரல்களுக்கிடையே வைத்து, உள்ளங்கையில் உட்காரவைத்துக் கொள்ளலாம்.

பெட்டி

இதற்கு விலை கொடுத்துக் கூண்டு வாங்க வேண்டுமென்பதில்லை. உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில் பனைக்குப் பஞ்சமில்லை. இடைவெளி விட்டு முடைந்த பனைநார்க் கூடையும், நான்கு பக்கமும் துளையிட்ட அட்டைப்பெட்டியுமே போதும். ஒரு வளர்ந்த பெட்டைக்கோழிக்கு ஓர் அடி நீளம், முக்கால் அடி அகலம், ஓர் அடி உயரம் இருக்கலாம். பெரிய சேவலுக்கு அதற்கேற்பக் கூட்டிக்கொள்க. அடியில் வழுக்காதபடி வைக்கோலோ சாக்குத் துண்டோ இடவேண்டும். வெறும் தகரத்திலும் வழவழப்பான அட்டையிலும் கால் சறுக்கி இடுப்புப் பிசகும். மேலே மெல்லிய துணி போர்த்தினால் உள்ளே மங்கலாகி, பறவை படபடப்பின்றி அமரும். பிளாஸ்டிக் பையும், உரச்சாக்கும் கூடவே கூடாது.

ஒரே பெட்டியில் சேவலையும் பெட்டையையும், கோழியையும் புறாவையும் சேர்த்து அடைக்க வேண்டாம். பலவற்றை வாங்கி வண்டியில் ஏற்றுவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-இல் வகுக்கப்பட்ட போக்குவரத்து விதிகளில், கோழிகளைப் பற்றிய பகுதி 2001-இல் சேர்க்கப்பட்டது. மழையும் நேர் வெயிலும் படாமல் காத்தல், கோடையில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் தண்ணீர் காட்டுதல், ஒரே இனம், ஒரே வயதுள்ளவற்றை மட்டுமே ஒன்றாக அடைத்தல் முதலியன அதில் சொல்லப்பட்டுள்ளன.

வெயிலும் கடற்காற்றும்

கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி சென்டிகிரேடு. நமக்கு இருப்பது போல் அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்து, தொண்டையின் ஈரம் ஆவியாகும்போதுதான் அதன் உடல் குளிரும்.

இங்கே உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். காற்று வறண்டு வீசும் நாளில் பாத்தி விரைவில் உப்பு பூக்கும். கடலிலிருந்து ஈரக்காற்று வந்து புழுக்கமாக இருக்கும் நாளில் தண்ணீர் வற்றாது. பறவையின் தொண்டையிலும் அதே கதைதான். புழுக்கமான நாளில் அது எவ்வளவு இரைத்தாலும் ஈரம் ஆவியாவதில்லை, உடலும் குளிர்வதில்லை. கரிசல் காட்டில் விளாத்திகுளத்திலோ கோவில்பட்டியிலோ தாங்கிவிட்ட பறவை, கடலோரப் புழுக்கத்தில் வெயில் சற்றுக் குறைவாக இருந்தும் சாய்ந்துவிடுவது இதனால்தான்.

ஆகையால் கோடையில், அதிலும் கத்திரி வெயில் நாட்களில், விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பின்னோ புறப்படுங்கள். எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தை போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள், காலையிலேயே வாங்கிக்கொண்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். பேருந்தில் இன்ஜின் அருகிலும், காற்றுப் புகாத சாமான் அறையிலும் பெட்டியை வைக்கலாகாது. நடத்துனரிடம் சொல்லி நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். நிறுத்திய காருக்குள் பறவையை விட்டுத் தேநீர் குடிக்கப் போகவே கூடாது. சிறிது நேரத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். ரயிலில் கொண்டுவருவோர் முன்னதாகவே பார்சல் அலுவலகத்தில் கேட்டு, உரிய முறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடைக்கு மேல் தார்ப்பாய் போட்டு, பக்கங்களில் காற்றுக்கு வழி விடுக.

இரையும் தண்ணீரும்

வயிறு முட்ட இரை எடுத்த பறவை பயணத்தில் அவதிப்படும். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு கொஞ்சம் தானியம் கொடுத்து நிறுத்திவிடலாம். தண்ணீர் மட்டும் புறப்படும் வரை இருக்கட்டும். வழியில் கோடையானால் இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். பெட்டிக்குள் ஓரிரு வெள்ளரித் துண்டுகளை இட்டாலும் நாக்கு நனையும்.

கோழி ஒரு மடக்கு அள்ளி, தலையைத் தூக்கி விழுங்கும். புறாவோ அலகை ஆழ அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். கோழிக்கு வைப்பது போல் தட்டையான மூடியில் வைத்தால் புறாவால் குடிக்க இயலாது. அதற்கு ஓர் அங்குல ஆழமாவது தண்ணீர் நிற்கும் கிண்ணம் வேண்டும்.

ஒரு நாள் வயதுக் குஞ்சுகளின் முறை வேறு. முட்டையின் மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள்ளேயே மிச்சம் இருப்பதால், இரண்டு நாள் வரை இரையும் தண்ணீரும் இன்றித் தாங்கும். 100 குஞ்சுகளை அடைக்கும் பெட்டி நான்கு அறைகளாகத் தடுக்கப்பட்டு, அறைக்கு 25 வீதம் இருக்கும். ஒரே அறையானால் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். கோடையில் எண்ணிக்கையைக் குறைத்து அடைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அடைகாப்பான் முதல் வாரத்துக்கு வேண்டிய 35 டிகிரி வெப்பத்தில் ஆயத்தமாக இருந்தால்தான் குஞ்சு வாங்கப் புறப்பட வேண்டும்.

வீடு வந்தபின்

வந்தவுடன் முதலில் தண்ணீர், பிறகே இரை. ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ கரைத்து வைக்கலாம். கருப்பட்டி கரைத்து வடிகட்டிய நீரும் ஆகும். இனிப்பு நீர் வெயிலில் புளித்துவிடுமாதலால் சில மணி நேரத்தில் மாற்றிவிடுக. பறவையை நிழலில், சந்தடியில்லாத இடத்தில் விடுங்கள். பிள்ளைகள் அன்றே கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம். களைப்பு தீருமுன் அதற்குத் தடுப்பூசியும் போட வேண்டாம். சில நாட்கள் நலமாக இருப்பதைக் கண்டபின் மருத்துவரிடம் கேட்டுப் போடலாம்.

இருபத்தொரு நாள் காவல்

தூத்துக்குடியிலிருந்து மீளவிட்டான் வழியாகப் போகும் ரயில் பாதையில் தட்டப்பாறை என்ற ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைக் கப்பல் ஏற்றுமுன் அங்கே முகாமில் தங்கவைத்து, தொற்றுநோய் உண்டா என்று பார்த்தார்கள். பின்னர் மண்டபம் முகாமிலும் அவ்வாறே செய்தார்கள். மக்களை நடத்திய விதத்தில் குறைகள் எத்தனையோ இருந்திருக்கலாம். ஆனால் நோய் தெரியச் சில நாட்கள் பிடிக்கும், அதுவரை தனித்து வைக்கவேண்டும் என்ற கருத்து சரியானது. நம் கோழிக்கூண்டுக்கும் அதுவே விதி.

புதுப் பறவையை வீட்டுக் கோழிகளிடமிருந்து இயன்ற அளவு தொலைவில், காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக, 21 நாட்கள் தனியே வையுங்கள். தீவனத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனி. எப்போதும் வீட்டுக் கோழிகளுக்கு முதலில் இரை வைத்துவிட்டு, அதன் பிறகே புதியதிடம் போங்கள். திரும்பும்போது கையும் காலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமி எச்சத்திலும் சளியிலும் மட்டுமன்றி, நம் செருப்பிலும், கூடையிலும், சந்தையிலிருந்து வந்த சாக்கிலும் ஏறி வரும். கொண்டுவந்த அட்டைப்பெட்டியை எரித்துவிடுங்கள். கூடையைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள்.

புறாதானே என்று அலட்சியம் வேண்டாம். வெள்ளைக் கழிச்சலின் உறவுக் கிருமி புறாவையும் தாக்கிக் கழுத்தைத் திருகச் செய்யும், கோழிக்கும் தாவும். வளர்ந்த புறாவுக்குப் பழைய வீட்டின் நினைவு நெடுநாள் இருக்கும். அவிழ்த்துவிட்டால் வந்த வழியே பறந்துவிடும். இந்த 21 நாள் காவல் அதற்கும் ஓரளவு மருந்தாகும். பறந்து பழகாத இளம் புறாக்களாக வாங்கினால் விரைவில் நம் வீட்டைத் தன் வீடாகக் கொள்ளும்.

இடையில் பறவை இறந்துவிட்டால் கண்மாயிலோ ஓடையிலோ எறியாதீர்கள். விற்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். மூன்று அடி ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் பல பறவைகள் மடிந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். 2006-இல் மகாராஷ்டிர மாநிலம் நவாபூரில் பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது முதல் இவ்வகைச் செய்தியை மறைப்பது மனிதருக்கும் ஆபத்து என்பது தெளிவாகியிருக்கிறது.

21 நாள் முடிந்து, பறவை நன்றாக இரை எடுத்து, எச்சம் கட்டியாக இருந்து, தடுப்பூசியும் போட்டாகிவிட்டதெனில், ஒரு மாலைப் பொழுதில் மற்றக் கோழிகளோடு அடையவிடலாம். இரவு ஒன்றாக அடைந்து விடியலில் ஒன்றாக இறங்கினால் சண்டை குறையும்.

ஒரு கூடை, ஒரு கிண்ணம், மூன்று வாரப் பொறுமை: செலவு இவ்வளவே. இவற்றைக் கடைப்பிடித்தால், ஆசையாக வாங்கிய புதுப் பறவையும் பிழைக்கும். பாடுபட்டு வளர்த்த பழைய கோழிகளும் பிழைக்கும்.