நுனிவிரல் ஷூவுக்கு அவசரம் வேண்டாமே!

ரோஜா நிற சாட்டின் துணி... கணுக்காலைச் சுற்றிக் கட்டிய ரிப்பன்... விரல் நுனியில் நிற்கிற மொத்த உடம்பு! பாலே ஆடும் பெண்ணின் படத்தைப் பார்த்தால் நம் கண் முதலில் போவது அந்தக் காலணியின் மீதுதான். லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் உங்கள் பேத்தி பாலே வகுப்பில் சேர்ந்திருக்கலாம். "எனக்கும் அந்த ஷூ வேணும் பாட்டி" என்று எட்டு வயதிலேயே அடம்பிடிக்கலாம். குழந்தை ஆசையாய்க் கேட்கிறதே, பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ஏன் என்று தெரிய வேண்டுமானால், அந்த ஷூவுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

உள்ளே மரக்கட்டையா?

பாலேவில் முக்கியமாக இரண்டு வகை ஷூக்கள். ஒன்று, மெத்தென்ற சாதாரண பாலே ஷூ. மெல்லிய தோலிலோ கான்வாஸ் துணியிலோ தைத்து, மேலே எலாஸ்டிக் பட்டை வைத்திருப்பார்கள். ஆண், பெண் எல்லோரும் பயிற்சிக்குப் போடுவது இதைத்தான். இன்னொன்று, விரல் நுனியில் நிற்பதற்கான 'பாயின்ட் ஷூ'. பேத்தி கேட்பது இதை!

இதற்குள் மரக்கட்டை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. துணியையும் காகிதத்தையும் பசை தடவி, அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடுதான் விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு 'பாக்ஸ்' என்று பெயர். பாதத்தின் அடியில் தோல் அல்லது அட்டையாலான விறைப்பான பட்டை ஒன்று. அது 'ஷாங்க்'. மேலே சாட்டின் துணி. அவ்வளவுதான்! வியர்வையிலும் அழுத்தத்திலும் பசை இளகி, ஷூ நாளடைவில் தொளதொளத்துப் போகும். தொழில்முறைக் கலைஞர்களுக்குச் சமயத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சியோடு ஒரு ஜோடி முடிந்துவிடுவதும் உண்டு.

1832-ல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற நாட்டியத்தில் மேரி டாக்லியோனி நுனிவிரலில் ஆடிப் புகழ் பெற்றார். அவர் காலில் இருந்தது பாக்ஸ் இல்லாத மெல்லிய சாட்டின் செருப்பு. நுனியிலும் ஓரங்களிலும் நூலால் இழையோட்டி உறுதிப்படுத்தியது, அவ்வளவே. அப்படியானால் அவரைத் தாங்கியது எது? அவருடைய பாதமும் கணுக்காலும்தான்! பாக்ஸ், ஷாங்க் எல்லாம் பிற்பாடு வந்தவை. இன்றைக்கும் அதே கதைதான். ஷூ துணை செய்யும், தூக்கி நிறுத்தாது.

எந்த வயதில் போடலாம்?

பிள்ளைகளின் பாத எலும்புகளில் வளரும் பகுதிகள் குருத்தெலும்பாகவே இருக்கும். பதின்வயதில்தான் அவை முழுமையாகக் கெட்டிப்படும். பாயின்ட் ஷூவின் தட்டையான நுனியோ ஒரு பிஸ்கட் அளவுகூட இருக்காது. தசைக்குப் பலம் வருவதற்கு முன்பே அதன் மேல் ஏறி நின்றால், விரல்கள் மடங்கும்; கணுக்கால் பிசகும்; வளரும் எலும்புக்கும் ஆபத்து.

நடன மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு ஒன்று 2009-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 12 வயதுக்கு முன் பாயின்ட் ஷூ வேண்டாம் என்பது அதில் முதல் பேச்சு. ஆனால், 12 வயது ஆகிவிட்டால் மட்டும் போதாது! வாரம் இரண்டு முறை வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நாலாவது வருஷத்தில்தான் ஆரம்பிக்கலாம். வாரத்துக்கு ஒரே வகுப்பு என்றால் தவிர்ப்பதே நல்லது. இடுப்பு, வயிறு, கால் தசைகள் பலவீனமாக இருந்தாலோ, கணுக்கால் அளவுக்கு மீறி வளைந்து கொடுத்தாலோ, முதலில் பலப்படுத்தும் பயிற்சிதான்.

வீட்டில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நின்று, எதையும் பிடிக்காமல், குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். நாலைந்து தடவையிலேயே தள்ளாடுகிறாளா? இன்னும் காலம் இருக்கிறது என்று அர்த்தம். நன்றாகச் செய்கிறாள் என்பதற்காகக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். முடிவு சொல்ல வேண்டியவர் பயிற்சி பெற்ற ஆசிரியர்.

"வளர்ற பிள்ளைதானே..."

ஸ்கூல் ஷூ வாங்கும்போது, "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க" என்பது நம் வீட்டு வழக்கம். இங்கே அது செல்லாது. பெரிய பாயின்ட் ஷூவில் பாதம் உள்ளே சரிந்து இறங்கி, பாரமெல்லாம் கட்டைவிரலில் விழும். சின்னதாக இருந்தால் விரல் மடங்கும். அக்காவின் பழைய ஷூவைத் தங்கைக்குக் கொடுப்பதும் கூடாது. அது அக்காவின் காலுக்கேற்ப வளைந்து, பலமிழந்துபோன ஷூ!

வாங்கும்போது:

* ஆசிரியர் சொன்ன பிறகு, பாயின்ட் ஷூ பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர் இருக்கும் கடைக்கு அழைத்துப் போங்கள். தபாலில் வரவழைக்க வேண்டாம்.

* தரையில் சமமாக நிற்கும்போது, விரல்கள் மடங்காமல் நேராக நீண்டு, நுனியைத் தொட்டால் போதும்.

* ரிப்பன் முடிச்சு கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்கும் குதிகால் நரம்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் வரட்டும். நரம்பின் மேலேயே முடிச்சுப் போட்டு இறுக்கினால் வீக்கம் வரும்.

* வலிக்கிறதே என்று பஞ்சை அள்ளி அடைக்காதீர்கள். வலிக்குக் காரணம் பெரும்பாலும் தவறான அளவுதான்.

வகுப்பு முடிந்ததும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணிக்காமல், காற்றாடக் காயவைக்க வேண்டும். கால் நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காமல், சுத்தம் செய்து மூடிவைத்தால் தானே ஆறும்.

டாக்டரிடம் எப்போது?

"ஆடினா வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடக் கூடாத வலிகள் உண்டு. பாத எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலிப்பது, ஓய்விலும் இரவிலும் வலி தொடர்வது, நொண்டி நடப்பது... இவை எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். பாதத்தை நீட்டும்போது கணுக்காலின் பின்பக்கம் வலித்தாலும் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ஒல்லியாக இருக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும். அப்போது எலும்பும் பலவீனமாகும். எந்த ஷூவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது! பால், தயிர், கேழ்வரகு, பருப்பு, முட்டை என்று வயிறாரச் சாப்பிடட்டும். மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

பேத்தி கேட்டால், "கிடையாது" என்று சொல்லாதீர்கள். "டீச்சர் சொல்லட்டும்மா, வாங்கலாம்" என்று சொல்லுங்கள். அதுவரை மெத்தென்ற அந்தச் சின்ன ஷூவில் அவள் செய்யும் ஒவ்வொரு பயிற்சியும் காலுக்குப் பலம் சேர்க்கிறது. சில வருஷம் காத்திருப்பதால் ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. கெட்டுப்போன பாதத்தைத்தான் திரும்ப வாங்க முடியாது.