அச்சநோயும் ஏற்றலும்

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது தோன்றுதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன் வகுத்தார். நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே உள்ளன. ஈண்டு நாம் ஆராயப் புகுந்ததோ இவற்றுள் ஒன்றும் இல்லாதவழித் தோன்றும் அச்சமாம். புலியுமில்லை, கள்வனுமில்லை, உண்டபின் திண்ணையில் வாளாவிருந்தான் ஒருவனுக்குத் திடீரென நெஞ்சு படபடக்கின்றது, கை மரக்கின்றது, மூச்சு முட்டுகின்றது, இதோ உயிர் போகின்றது என்றே துணிகின்றான். மருத்துவர் ஆராய்ந்து இருதயத்திற் குற்றமில்லை என்கின்றார். அன்று முதல் அவன் தன் நெஞ்சின் துடிப்பையே இரவும் பகலும் காவல் செய்யத் தொடங்குகின்றான். இதனைப் பதற்றநோய் என இக்காலத்தார் வழங்குவர்.

இது மருத்துவர்க்குரிய பொருளன்றோ, சித்தாந்தப் பத்திரிகையில் ஆராய்தல் என்னையெனின், இந்நோயாளர் பலர் மருத்துவரை நாடுமுன் ஆலயத்தையும் மடத்தையுமே நாடி வருகின்றனர். அவர்க்கு நாம் கூறும் ஒரு சொல் நோயை வளர்த்தலும் கூடும், தணித்தலும் கூடும்.

ஆஸ்திரேலிய தேயத்துச் சிட்னி நகரினரான கிளேர் வீக்ஸ் அம்மையார் (1903 முதல் 1990 வரை வாழ்ந்தவர்) விலங்குநூல் ஆராய்ச்சியிற் பெரும்புலமை எய்திப் பின்னர் மருத்துவரானவர். இளமையில் அவருக்குக் காசநோய் உண்டெனப் பிழைபடத் துணிந்துரைத்தனர். அக்கவலையால் நெஞ்சுப்படபடப்பு அவரைப் பற்றி நீங்காதாயிற்று. முதல் உலகப்போரிற் படைஞராயிருந்த நண்பர் ஒருவர், அத்துடிப்புக்கு அஞ்சுதலே அத்துடிப்பை வளர்க்கின்றது என்று எடுத்துக்காட்ட, அவர் உண்மை தெளிந்து நலமுற்றார். அத்தெளிவினையே பின்னாளிற் பிறர்க்குரிய மருத்துவமாக்கி, 1962ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் வகுத்த வழி நான்கு சொல்லில் அடங்கும்: எதிர்நோக்கல், ஏற்றல், மிதத்தல், காலத்துக்கு விடுதல்.

அவர் அச்சத்தை முதலச்சம், இரண்டாமச்சம் எனப் பகுத்ததே இவ்வழியின் உயிர்நிலை. அட்ரினல் சுரப்பியினின்று எழும் நீர் குருதியிற் கலத்தலும், நெஞ்சு விரைதலும், உடல் நடுங்குதலும் முதலச்சத்தின்பாற்படும். இது தானே எழுந்து தானே தணியும் இயல்பிற்று. 'ஐயோ, மீண்டும் வந்ததே, இனி என் செய்வேன்' என அதன்மேல் எழுவது இரண்டாமச்சம். இவ்விரண்டாவது அச்சுரப்பியை மீண்டும் தூண்ட, நெஞ்சு மீண்டும் விரைய, அதுகண்டு அவன் மீண்டும் அஞ்சுகின்றான். நோயாளன் முதலாவதனோடு பொருது அதனை ஒழிக்க முயல்வான். முயற்சியே இரண்டாவதற்கு உணவாகின்றது. குரங்கை நினையாமல் மருந்து உண்கவென்ற வைத்தியன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1987இல் வெக்னர் என்னும் அமெரிக்க உளநூலார், வெண்கரடியை நினையாதிருக்குமாறு மாணவரை ஏவி ஆராய்ந்து கண்டதும் அதுவே.

இனி நூற்கருத்தோடு வைத்து நோக்குவாம். சிவஞானபோதத்து நான்காம் நூற்பா, மனம் முதலிய அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்றென்றும், அரசன் அமைச்சரொடு கூடினாற்போல ஆன்மா அவற்றொடு கூடி நிற்குமென்றும் தெளிவிக்கும். அமைச்சன் நடுங்கி ஓடிவந்து பகை வந்ததென்று கூவினால், கேட்கும் அரசனும் உடன் நடுங்கவேண்டுமென்பது இல்லை. 'மனம் அஞ்சுகின்றது, யான் அதனை அறிகின்றேன்' என வேறுபடுத்து நிற்றல் நம்மவர்க்குப் புதிதன்று.

நுகர்வினை உடலின் வழியே வந்து ஊட்டியே தீரும். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக் கொண்டு யான், எனதென்று முனைதலால் ஏறுவினை விளையும் என்பர் ஆசிரியர். முதலச்சத்தை நுகர்வாகவும், இரண்டாமச்சத்தை அந்நுகர்ச்சியிடை எழும் முனைப்பாகவும் கொள்ளின் ஒப்புமை நன்கு பொருந்தும்.

அற்றேல், அம்மையார் கூறும் ஏற்றலும் இருவினையொப்பும் ஒன்றெனலாமோ எனின், ஆகாது. மேனாட்டார் ஒரு நல்ல சொல் சொன்னவுடன் அது நம் நூலில் உள்ளதே என்று மகிழ்ந்து அமைதல் நம்மவருட் பெருகிய ஒரு குறை. இருவினையொப்பு நல்வினை தீவினை இரண்டன் பயனிலும் ஒப்பநோக்கும் நிலை. மலபரிபாகத்தொடு கூடிச் சத்திநிபாதத்துக்கு இடனாவது. நோயாளனோ துன்பம் ஒன்றனையே ஏற்கப் பயில்கின்றான். அதுவும் அது நீங்கவேண்டும் என்னும் விருப்பத்தோடு பயில்கின்றான். பல்லைக் கடித்துப் பொறுத்தல் ஏற்றலாகாது என்று அம்மையாரும் கூறினார். எனினும் அவர் நாடியது உடல்நலம். நம் நூல் நாடியது வீடு.

மற்றொரு தடை: நாவுக்கரசர் சூலை நீக்குக என்று அதிகைப் பெருமானை வேண்டினாரேயன்றி, அதனை ஏற்றுக்கொண்டாரில்லையே எனின், வேண்டலும் ஏற்றலும் முரணுவன அல்ல. வேண்டினார் திருவடிக்கண் தம்மை ஒப்புவித்தே வேண்டினார். அவரே பின்னர் நீற்றறையில் ஏழுநாள் அடைபட்டிருந்த ஞான்று, வெம்மையோடு பொருதாரும் அல்லர், வெளியேற வழி தேடினாரும் அல்லர். இது பெரியபுராணம் பயில்வார் அறிந்தது.

இத்துணையும் கூறியது ஒரு பயன் கருதி. பதற்றநோயாளன் வந்தால் நம்மவர் கூறுவன பெரும்பாலும் இரண்டு. 'உன் வினை, அனுபவி' என்பது ஒன்று. மெய்யேயாயினும் நடுங்குவான் செவியில் அது தண்டனையாகவே விழும். 'ஐந்தெழுத்தை ஆயிரத்தெட்டு உருச்செய், அச்சம் ஓடிவிடும்' என்பது மற்றொன்று. இதுவே மிகுதியும் தீங்காவது. அவன் அச்சத்தை விரட்டுதற்கே செபிக்கின்றான். நூறு முடிந்தவுடன் போயிற்றா என்று நாடியைப் பிடித்துப் பார்க்கின்றான். போகவில்லையேல் திருவருளும் தன்னைக் கைவிட்டதெனக் கலங்குகின்றான். மந்திரம் இரண்டாமச்சத்துக்கு ஏவலாளாயிற்று! செபிக்க, நெஞ்சு படபடக்கும்போதும் படபடப்பு நிற்க வேண்டுமென்னாது செபிக்க. பிரதோட நாளிற் கூட்ட நெரிசலில் மயங்கி வீழ்வேனோ என்று சந்நிதியினின்று ஓடிவருபவனை, 'வீட்டிலிருந்தே வணங்கு' என்று விடுத்தல் இரக்கம் போன்ற இரக்கமின்மை. ஓடுந்தோறும் அவ்விடம் அவனுக்குப் பின்னும் கொடிதாகும். உடன் ஒருவர் செல்க. நெஞ்சு துடிக்க, கால் தளர, நின்ற இடத்தே நின்று தீபாராதனை கண்டு, மெல்ல வலம்வந்து மீள்க. பத்து நாளில் ஆகாவிடினும் சில திங்களில் ஆகும்.

மருத்துவரை முற்படக் காணல் வேண்டும். இருதயக் குற்றமும் தைராய்டு சுரப்பியின் மிகையும் இக்குறிகளையே காட்டுமாதலின், அவை இல்லையெனத் தெளிந்த பின்னரே இவ்வழி. அவர் தந்த மருந்தை மடத்தார் சொல்லால் ஒருவரும் நிறுத்தற்க.

நலமுற்றவனுக்கும் ஓராண்டு கழித்து ஒருநாள் அப்படபடப்பு மீளவரும். முயன்றதெல்லாம் வீணாயிற்றென்று அவன் சோர்வான். பெருங்காயம் இருந்த கலத்தில் அதனை நீக்கிய பின்னும் மணம் நிற்குமாறு போல, மலம் நீங்கினார்க்கும் வாசனை தாக்குமென்று கண்டன்றோ, பன்னிரண்டாம் நூற்பா அடியாரொடு கூடுதலையும் ஆலய வழிபாட்டையும் விதித்தது. அந்நாளில் அவன் நம் வாயிலுக்கு வருவானாயின், வந்தது பழைய மணமே எனக் கூறி, மாலைப் பூசைக்குப் பூத்தொடுக்கும் இடத்தில் அவனையும் உடனிருத்திக்கொள்க.