கைக்குக் கீழே ஆளில்லாத பெரிய வேலை

கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், ஐ.டி. வேலையில் இருப்பவரிடம் அம்மான் கேட்கும் முதல் கேள்வி, “ஒன் கைக்குக் கீழ எத்தனை பேருப்பா வேலை பாக்குறாக?” என்பதுதான். பன்னிரண்டு பேர் என்றால் முகம் மலரும். “யாரும் இல்லை, இனிமே நானே கோட் எழுதப்போறேன்” என்றால், வேலையில் ஏதோ சிக்கல் என்று முடிவு கட்டிவிடுவார்.

ஆள் மேய்க்கும் வேலையை விட்டுவிட்டு மறுபடி தொழில்நுட்பப் பக்கம் போக நினைக்கும் மேனேஜர்களுக்கு இது. கோட் மறந்திருக்குமே என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அது கைக்கு வந்துவிடும். காரியம் கெடுவது பெரும்பாலும் பழைய பொறுப்பை ஒப்படைப்பதில்தான்.

முதலில், உங்கள் கம்பெனியில் ஆள் மேய்க்காமலே மேலே ஏறும் படி நிஜமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. கிரேடு, சம்பளம், போனஸ் மூன்றும் குறையாது என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதவியில் இப்போது இருப்பவர்களுக்குக் கடைசியாக எப்போது பதவி உயர்வு கிடைத்தது என்று விசாரியுங்கள். யாருக்கும் கிடைக்கவில்லை என்றால், வேறு கம்பெனியில் அந்த வேலைக்கே நேராகச் சேர்வது மேல்.

இப்படி ஒரு படி நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது காரைக்குடி சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அங்கே விஞ்ஞானியாகச் சேர்பவர் ஆராய்ச்சியின் பலத்திலேயே தலைமை விஞ்ஞானி வரை போக முடியும். அம்மானுக்கும் இதைச் சொல்லலாம்; சிக்ரி என்றால் புரிந்துகொள்வார்.

அடுத்து, மேலதிகாரியிடம் பேசுவது. “மேனேஜர் வேலை அலுத்துவிட்டது” என்று ஆரம்பித்தால் நீங்கள் ஓய்ந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். எந்தப் பிரச்சினையைக் கையில் எடுக்கப் போகிறீர்கள், உங்கள் இடத்துக்கு யார் என்ற இரண்டுக்கும் பதிலோடு போங்கள். 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு ஜோஹோவின் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனபோது, இனி ஆய்விலும் மேம்பாட்டிலும் முழுநேரம் இறங்கப்போவதாகச் சொன்னார். சைலேஷ் குமார் டேவி குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆகிறார் என்பதும் கூடவே அறிவிக்கப்பட்டது. வேம்பு நிறுவனர், அவர் கதை வேறுதான். அவரை யாரும் அப்ரைசலில் உட்காரவைக்கப் போவதில்லை. ஆனாலும் அறிவித்த முறையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இனி ஒப்படைப்பு. அந்தக் காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் செட்டியார்களின் லேவாதேவிக் கடையை முதலாளிக்காக நடத்திய மேலாள், மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் அடுத்தவரிடம் கடையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார். பேரேட்டில் தொகை இருக்கும். யார் நாணயமானவர், யாரிடம் அறுவடை முடிந்துதான் கேட்கவேண்டும் என்பதெல்லாம் மனதில்தான் இருக்கும். உங்களிடமும் அப்படி ஒரு மனக்கணக்கு இருக்கிறது. அடுத்த ஹைக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரிடம் சொன்னீர்கள்? ஆன்சைட் ஆசை காட்டியது யாருக்கு? அப்பாவின் டயாலிசிஸுக்காகப் புதன்கிழமை தாமதமாக வருபவர் யார்? ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். சொந்த விஷயம் என்றால் அவரைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். கொடுத்த வாக்குகளைப் புதிய மேனேஜர், அந்த ஆள், நீங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு தடவை பேசிவிடுங்கள். அப்ரைசல் முடிந்த கையோடு மாறுவதுதான் நல்ல நேரம். நடுவில் மாறினால் உங்களிடம் ஒரு வருஷம் உழைத்தவருக்கு, அவரை அறியாத ஒருவர் மதிப்பெண் போடுவார்.

மாறிய பிறகு முதல் மூன்று மாதம் பெரிய டிசைன் எதிலும் தலையிடாதீர்கள். சின்ன பக்குகளைச் சரிசெய்யுங்கள், ஆன்-கால் முறையில் பெயர் கொடுங்கள், உங்களைவிட இளையவர் உங்கள் கோடை ரிவ்யூ செய்யட்டும். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்து எழுந்து லாக் படித்தால்தான், நீங்கள் கூட்டங்களில் இருந்த காலத்தில் சிஸ்டம் எங்கே ஒட்டுப்போட்டு ஓடியது என்பது தெரியும்.

பழைய டீம் ஆட்கள் லீவு கேட்டும் புகார் சொல்லியும் உங்களிடமே வருவார்கள். கேட்க சுகமாகத்தான் இருக்கும். “அவர்கிட்ட பேசுங்க” என்று அனுப்பிவிடுங்கள். ஒருமுறை நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டால் புதிய மேனேஜர் பெயருக்கு மேனேஜர் ஆகிவிடுவார்.

காலண்டர் திடீரென்று காலியாகும். பழக்கத்தில் கூட்டங்களைச் சேர்க்காமல், காலை நேரத்தை முழுசாக அடைத்து வையுங்கள். உத்தரவு போடும் வசதி இனி இல்லை. எந்த வழி, ஏன், எவ்வளவு செலவு என்று நான்கு பக்கம் எழுதிச் சுற்றுக்கு விட்டு, மூன்று டீம்களைச் சம்மதிக்க வைப்பதுதான் இந்தப் பதவியின் பெரும்பகுதி வேலை. அதில் நேரம் போவதைக் குறையாக நினைக்காதீர்கள்.

ஒரு வருஷம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகலாம். மென்பொருள் பொறியாளர் சாரிட்டி மேஜர்ஸ் 2017-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், நல்ல பொறியாளர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொள்வதே நல்லது என்று வாதிட்டார். திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதையும் எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.