தொப்பூர் இறக்கத்துக்கு முன்: உங்கள் பிரேக் பின்னுக்கு எந்த கிரீஸ்?

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் வளைவும் இறக்கமும் சேர்ந்து வரும் இடம் அது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த தொடர் மோதல்களின் காட்சிகளை உங்கள் கைபேசியிலேயே பார்த்திருப்பீர்கள்.

கனரக லாரிகளில் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் இயங்கும் டிரம் பிரேக்தான் இருக்கும். அது தனிக் கதை. ஆனால் அதே இறக்கத்தில், அந்த லாரிகளுக்கு நடுவில்தான் நம்ம காரும் பைக்கும் இறங்குகின்றன. அவற்றின் டிஸ்க் பிரேக்கில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. அதன் பெயர் ஸ்லைடர் பின். சில பட்டறைகளில் கைடு பின் என்பார்கள். அதற்கு எந்த கிரீஸ் போட வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

இது மெக்கானிக் வேலைதானே, நமக்கு எதற்கு?

வாடகை கார், வேன், லாரி போன்ற போக்குவரத்து வாகனங்கள் முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கார், பைக் அப்படியில்லை. பதிவுச் சான்று (ஆர்.சி.) 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை. அதாவது, முதல் 15 ஆண்டுகளுக்கு உங்கள் பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். ரிஞ்சு பிடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

ஸ்லைடர் பின் என்ன செய்கிறது?

பெரும்பாலான கார்களிலும், டிஸ்க் பிரேக் உள்ள பல பைக்குகளிலும் கேலிப்பரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் பிஸ்டன் இருக்கும். பிரேக்கை அழுத்தியதும் அது உள்பக்க பேடைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்தும். அந்த வேகத்தில் கேலிப்பர் முழுவதும் எதிர்த்திசையில் நகர்ந்து, வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்தும். கேலிப்பர் நகர்வது இந்தப் பின்களின் மேல்தான். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாதபடி ரப்பர் உறை ஒன்று பின்னை மூடியிருக்கும்.

பின் இறுகினால் இரண்டு ஆபத்து. ஒன்று, வெளிப்பக்க பேடு சரியாகப் பிடிக்காது. பிரேக் பாதி பலம்தான் தரும். இரண்டு, காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு.

அந்தச் சூட்டின் அளவை ஒரு கணக்கில் பார்ப்போம். 1,400 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்குகிறது. முழுக்க பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அதில் உண்டாகும் வெப்பம் சுமார் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். பின்னும் இறுகியிருந்தால் அந்தச் சூடு ஒரே சக்கரத்தில் குவிந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிப் பழசானால் அந்த அளவு 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் சுருங்கும், பிரேக் பிடிக்காது.

எந்த கிரீஸ் சரி, எது தப்பு?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கிரீஸ் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறோம். ஸ்லைடர் பின்னுக்குப் போடும் கிரீஸ் இரண்டு சோதனையில் தேற வேண்டும்: சூட்டில் உருகி ஓடக் கூடாது, ரப்பரைக் கெடுக்கக் கூடாது.

• ஏ.பி.3 போன்ற சாதாரண கிரீஸ்: வேண்டாம். சக்கர பேரிங்குக்கு நல்லது. ஆனால் இதில் இருப்பது பெட்ரோலிய எண்ணெய். பிரேக் பாகங்களில் அதிகம் பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பர் அதை உறிஞ்சி ஊதிவிடும். ஊதிய ரப்பர் பின்னைக் கவ்விப் பிடிக்கும். போட்ட அன்று நன்றாக நகரும். நாளாக ஆக இறுகும்.
• என்ஜின் ஆயில், துரு விடுவிக்கும் ஸ்பிரே: வேண்டாம். ரப்பருக்கும் ஆகாது, நீண்ட நாள் நிற்கவும் செய்யாது.
• செம்புத் துகள் கலந்த பேஸ்ட்: பின்னுக்கு வேண்டாம். இது அதிகச் சூடு தாங்கும். இரும்போடு இரும்பு உரசும் இடங்களுக்கானது. ரப்பர் உறைக்குள் இருக்கும் பின்னுக்கு ஏற்றதல்ல.
• சிலிக்கான் பிரேக் கிரீஸ்: போடலாம். ரப்பரோடு ஒத்துப்போகும். பின்னின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும் வாகனங்களுக்கு மிகவும் பொருத்தம்.
• பிரேக்குக்கென்றே வரும் சிந்தெடிக் கிரீஸ்: போடலாம். டப்பாவில் ‘கேலிப்பர் பின்’ என்றும் ‘ரப்பர் சேஃப்’ என்றும் இரண்டுமே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் வாகனக் கையேட்டில் குறிப்பிட்ட வகை சொல்லியிருந்தால் அதுவே இறுதி.

எப்படிப் போட வேண்டும்?

முதலில் பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டு வகை கிரீஸைக் கலக்கக் கூடாது. சுத்தம் செய்ய பிரேக் கிளீனர்தான். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ரப்பரில் படவே கூடாது. துரு அரித்த பின்னையும் கிழிந்த உறையையும் மாற்றிவிடுவது நல்லது. கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அள்ளி அப்பினால், துளைக்குள் அடைபட்டு, பின் உள்ளே போவதையே தடுக்கும். பேடின் உரசும் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு பொட்டு கிரீஸ்கூடப் படக் கூடாது. மேல் பின்னும் கீழ் பின்னும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், சில வண்டிகளில் இரண்டும் வேறு. இடம் மாற்றிப் போட வேண்டாம்.

பிரேக் வேலையைப் பழக்கமில்லாமல் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பட்டறைக்கே கொண்டு போங்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்

• பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.
• ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடிக்கிறது, அல்லது கருகல் வாசனை வருகிறது. (டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.)
• ஒரே சக்கரத்தில் ஒரு பேடு தேய்ந்து, மற்றது புதுசாகவே இருக்கிறது.
• காரணமே இல்லாமல் மைலேஜ் குறைகிறது.

பட்டறையில் கேட்க நான்கு கேள்வி

1. அண்ணே, பேடு மாத்தும்போது ஸ்லைடர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செஞ்சீங்களா?
2. என்ன கிரீஸ் போடுறீங்க? டப்பாவைக் காட்டுங்க.
3. ரப்பர் உறை நல்லா இருக்கா?
4. பிரேக் ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு?

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளை விரும்புவார். மாற்றிய பாகங்களின் பெயருடன் பில் வாங்கிக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்தான் உங்கள் சாட்சி.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, உயிருக்கு ஆபத்து என்றால் 108. இரண்டையும் இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல கிரீஸ் போட்டாலும், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும். தொப்பூரோ, ஒகேனக்கல் பாதையோ, வத்தல்மலையோ, குறைந்த கியரில் இறங்குங்கள். அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, அந்த முதல் கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.